பரீட்சைக்குப் படிக்க நேரம் யார் தருவது?

தொழிலாளர் பத்திரிகையில் மானேஜர் பரீட்சையைப் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பஞ்சப்படி, போனஸ், நடவுக் கூலி, குடிமனை என்று பேச வேண்டிய விஷயங்கள் எத்தனையோ கிடக்கும்போது, கம்பெனி நிர்வாகிகளாகப் போகிறவர்களின் பரீட்சை நமக்கு எதற்கு?

எதற்கென்றால், அந்தப் பரீட்சையை இன்று எழுதுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தறி ஓட்டியும் களை பறித்தும் கடன் வாங்கியும் நாம் படிக்கவைத்த பிள்ளைகள். பட்டம் பெற்று, சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனியில் சேர்ந்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகள். அப்படி ஒரு பிள்ளை வந்து, "அப்பா, ஐ.ஐ.எம். பரீட்சை எழுதப் போகிறேன், ஆறு மாதம் படிக்க வேண்டும்" என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்வது? "இருக்கிற வேலை போதாதா?" என்று அடக்கிவிடுவதா? என்னவென்றே தெரியாமல் தலையை ஆட்டுவதா? இரண்டும் சரியல்ல. விஷயத்தைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அது என்ன பரீட்சை?

1961-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிர்வாகக் கல்விக்கென்று இரண்டு ஸ்தாபனங்களை ஆரம்பித்தது. ஐ.ஐ.எம். என்று சொல்லப்படுகிற இந்திய மேலாண்மைக் கழகங்கள் இவைதாம். 1973-ல் பெங்களூரிலும், 1984-ல் லக்னோவிலும், 2011-ல் நமது திருச்சியிலும் வந்தன. இன்று நாடெங்கும் 20-க்கு மேல் இருக்கின்றன. ஜனங்கள் கொடுத்த வரிப் பணத்தில், ஜனங்களின் நிலத்தில் எழுந்த கல்லூரிகள் இவை. ஆகவே இவற்றின் வாசலைப் பற்றிக் கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

அந்த வாசலுக்குப் பெயர் 'கேட்' பரீட்சை. வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பர் மாதக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஏதாவது ஒரு பட்டம், அதில் 50 சதவீத மார்க் இருந்தால் எழுதலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோருக்கு 45 சதவீதம் போதும். வயது வரம்பு கிடையாது. 2024-ம் ஆண்டில் ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் பேர் எழுதினார்கள்.

பரீட்சை மூன்று பகுதி. முதலாவது, இங்கிலீஷ் வாசிப்பு. இரண்டாவது, பட்டியல்களையும் விவரங்களையும் பார்த்து யூகித்துச் சொல்லுதல். மூன்றாவது, கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். மணி ஆனதும் கம்ப்யூட்டர் அந்தப் பகுதியைத் தானே மூடிவிடும். திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. 2024-ல் மொத்தம் 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மார்க். கொடுத்த நான்கு விடைகளில் தப்பானதைத் தொட்டால் ஒரு மார்க் பிடித்தம். மில்லில் அபராதம் பிடிப்பதைப் போலத்தான்!

2019 வரை இந்தப் பரீட்சைக்கு 3 மணி நேரம் கொடுத்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. நேரத்தை 2 மணியாக்கினார்கள். கொரோனா போய்விட்டது. பிடுங்கிய அந்த ஒரு மணி மட்டும் திரும்ப வரவில்லை.

கணக்கு நமக்குத் தெரிந்த கணக்குதான்

கேள்விகள் நம் பிள்ளைகளின் புத்திக்கு எட்டாதவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குப் பகுதியில் பெரும் பங்கு பள்ளிக்கூடத்தில் படித்த விஷயந்தான்: சதவீதம், விகிதம், வட்டி, லாப நஷ்டம், வேகமும் தூரமும், நேரமும் வேலையும்.

ஓர் உதாரணம். 10 ஆட்கள் 12 நாளில் முடிக்கும் வேலை. 6 நாள் கழித்து இன்னும் 5 ஆட்கள் வந்து சேர்ந்தால், மீதி வேலை எத்தனை நாளில் முடியும்? நடவு வயலில் ஆள் கணக்குப் பார்க்கிற எந்தத் தாயும் இதற்கு விடை சொல்லிவிடுவாள். மொத்தம் 120 ஆள் வேலை. 60 முடிந்தது. மீதி 60-ஐ 15 பேர் 4 நாளில் முடிப்பார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு விசேஷம் இருப்பதைக் கவனியுங்கள். அதில் வருகிற ஆட்களுக்குக் களைப்பு வருவதில்லை, காய்ச்சல் வருவதில்லை. முதல் நாள் செய்த அளவு வேலையைக் கடைசி நாளும் செய்கிறார்கள். கூலி எவ்வளவு என்று அவர்கள் கேட்பதே இல்லை. புத்தகக் கணக்கின் ஆள் வேறு, ரத்தமும் சதையுமான ஆள் வேறு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளையைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் செய்கிற தப்பும் இதுவே. களைப்பை அவர்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

468 மணி நேரம்

சரி, இந்தப் பரீட்சைக்கு எவ்வளவு உழைக்க வேண்டும்? ஜூன் ஆரம்பத்தில் தொடங்கி நவம்பர் கடைசிவரை 26 வாரம். வேலை நாட்களில் தினம் 2 மணி, ஞாயிறன்று 6 மணி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 18 மணி. மொத்தம் 468 மணி நேரம். எட்டு மணி வேலை நாள் கணக்கில் இது 58 நாளுக்கு மேல்!

வசதி படைத்த வீட்டுப் பையனுக்கு இந்த 58 நாளையும் அவனது தகப்பனார் பரிசாகக் கொடுத்துவிடுகிறார். அவன் சம்பாதிக்க வேண்டியதில்லை. காலையில் மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் படிக்கிறான். நம் பிள்ளைக்கு அந்தத் தெளிந்த நேரத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது இரவு 10 மணிக்குப் பிறகு வருகிற நேரம். கண் எரிகிற நேரம். பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் ஒரே கடிகாரம். ஆனால் அங்கே வந்து உட்காருவதற்கு முன்பு ஓடிய கடிகாரம் ஒன்றல்ல.

நம் பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். அண்ணன் வேலையிலிருந்து வந்தால் புத்தகத்தை எடுக்கலாம். தங்கை வேலையிலிருந்து வந்தால் அடுப்படிக்குப் போக வேண்டும். பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் அவளுக்குப் பாடம். இதற்கு முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தோழர்களே! இந்த இரண்டு மணி நேரத்தை நம் வீட்டிலேயே நாம் கொடுக்க முடியும். தகப்பன் குடத்தை எடுத்தால், அண்ணன் துடைப்பத்தைப் பிடித்தால், மகள் புத்தகத்தைத் திறப்பாள்.

நேரத்தின் மீது பாய்ச்சல்

நிலைமை இப்படி இருக்க, மேலிடத்திலிருந்து வருகிற உபதேசம் என்ன? 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, வாலிபர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் ஒரு படி மேலே போய் 90 மணி என்றார்.

70 மணியையே எடுத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் தினம் 11 மணி 40 நிமிஷம். பஸ்ஸிலும் ரயிலிலும் 2 மணி. தூக்கம் 7 மணி. எஞ்சுவது 3 மணி 20 நிமிஷம். அதற்குள் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதில் பரீட்சைக்குப் படிக்கிற 2 மணி எங்கிருந்து வரும்? தூக்கத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உபதேசத்தோடும் விட்டார்களா? 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற மசோதா தமிழ்நாடு சட்டசபையிலேயே நிறைவேறியது. வேலையை நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று இனிக்க இனிக்கச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மூன்றே நாளில், 24-ந் தேதி, அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் வாங்கப்பட்டது. அந்த மசோதா நிலைத்திருந்தால் முதல் பலி எது? மில் வாலிபனின் மாலை நேரப் படிப்புத்தான்.

எட்டு மணி வேலை என்பது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மிச்சம் எட்டு மணி நமக்கு என்பதே அன்றைய கோரிக்கை. அந்தக் கடைசி எட்டு மணியில் மனிதன் படிக்கலாம், பாடலாம், பிள்ளையோடு பேசலாம். இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற நம் பிள்ளை, 'இது மில்காரர்களின் கோரிக்கை, எனக்குச் சம்பந்தமில்லை' என்று நினைக்கக்கூடும். பரீட்சைப் புத்தகத்தை எடுத்து உட்காரும்போது சம்பந்தம் தெரியும்.

இங்கிலீஷ் வேலியும் பண வேலியும்

நேரம் போக இன்னும் இரண்டு வேலிகள் இருக்கின்றன.

முதலாவது பாஷை. கேட் பரீட்சை முழுவதும் இங்கிலீஷில் மட்டுமே நடக்கிறது. இங்கிலீஷ் அறிவைச் சோதிக்கும் முதல் பகுதி அப்படி இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். கணக்குக்கு என்ன பாஷை? பட்டியலுக்கு என்ன பாஷை? டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையும், என்ஜினீயர் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் பரீட்சையும் தமிழ் உள்பட 13 பாஷைகளில் நடக்கின்றன. அங்கே முடிகிறது இங்கே ஏன் முடியவில்லை? மற்ற இரண்டு பகுதிகளையாவது தமிழிலும் கேட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவது பணம். 2004-ம் ஆண்டில், ஐ.ஐ.எம். கட்டணத்தை வருஷத்துக்கு 1½ லட்சத்திலிருந்து 30 ஆயிரமாகக் குறைக்கும்படி மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. சில மாதங்களில் ஆட்சி மாறியது, உத்தரவும் போயிற்று. 2008-ல் அகமதாபாத் கல்லூரி இரண்டு வருஷப் படிப்புக்கு 11½ லட்சம் என்று உயர்த்தியது. இன்று விடுதிச் செலவு உள்பட அது 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2017-ல் வந்த ஐ.ஐ.எம். சட்டம் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அந்தந்தக் கல்லூரி நிர்வாகக் குழுவின் கையிலேயே ஒப்படைத்தது. கட்டியது ஜனங்கள், விலை வைப்பது வேறு ஆட்கள்!

எனினும் தொகையைக் கேட்டு மிரண்டு பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். இடம் கிடைத்துவிட்டால், தேசிய வங்கிகள் ஈடு கேட்காமலே கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த வித்யாலட்சுமி திட்டமும், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடனுக்கு வகை செய்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை ஏற்கும் மத்திய உதவித்தொகை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. ஆகவே சேர்ந்தவுடனே கேட்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தைக் கந்துவட்டிக்காரனிடம் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எப்படிப் படிப்பது?

வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லுகிற யோசனைகள் இவை.

வேலையை விட்டுவிட்டுப் படி என்று சொல்லுகிற டியூஷன் வியாபாரிகளின் பேச்சைக் கேட்காதீர்கள். சம்பளம் நின்றால் வீடு ஆடும். வீடு ஆடினால் படிப்பு ஓடாது. தவிர, பல ஐ.ஐ.எம்.கள் ஆள் தேர்வில் வேலை அனுபவத்துக்கு மார்க் தருகின்றன. நீங்கள் பார்க்கிற வேலை உங்களுக்குச் சுமை மட்டுமல்ல, மூலதனமும்கூட.

பத்தாயிரக்கணக்கில் கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பதும் பொய். முதல் இரண்டு மாதம் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள கணக்குப் புத்தகங்களைத் திரும்பப் போடுங்கள். இங்கிலீஷுக்குத் தினம் ஒரு பத்திரிகைத் தலையங்கம்; பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கலாம். அர்த்தம் தெரியாத சொல்லைவிட, எழுதியவன் என்ன வாதிக்கிறான் என்பதே முக்கியம். முதல் பகுதியின் பெரும்பாலான கேள்விகள் வாசித்ததைப் புரிந்துகொண்டாயா என்று பார்ப்பவைதாம். முந்தைய வருஷங்களின் கேள்வித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நம் பணத்தில் கட்டியவை, உபயோகப்படுத்துங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் கடிகாரத்தை முன்னால் வைத்து, முழுப் பரீட்சை ஒன்று எழுதிப் பாருங்கள். எழுதியதைவிட அதிக நேரம், செய்த தப்புகளைப் பார்ப்பதில் செலவழியுங்கள். ஏன் தப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு பகுதியில் மிகவும் தாழ்ந்துவிட்டால் மற்ற இரண்டில் வாங்கிய மார்க் காப்பாற்றாது. ஆகவே பலவீனமான பகுதியை ஒதுக்காதீர்கள்.

எல்லாக் கேள்வியையும் தொட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு விடை போட்டால், சராசரியில் ஒன்று சரியாகி 3 மார்க் வரும், மூன்று தப்பாகி 3 மார்க் போகும். மிச்சம் பூஜ்யம், நேரமும் நஷ்டம். ஆனால் விடையை நாமே எழுதுகிற கேள்விகளுக்குத் தப்பானாலும் பிடித்தம் இல்லை. அவற்றை வெறுமனே விடக்கூடாது.

கேட் ஒன்றே வழி என்றும் எண்ணாதீர்கள். அண்ணா பல்கலைக் கழகம் நடத்துகிற 'டான்செட்' பரீட்சையின் மூலம் நமது மாநிலக் கல்லூரிகளிலேயே எம்.பி.ஏ. சேரலாம். அங்கே 69 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஊரைவிட்டுப் போக முடியாத பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

நிர்வாகி ஆன பிறகு?

நம் பிள்ளை பாஸ் செய்து நிர்வாகி ஆகிவிட்டால் நம்மை மறந்துவிடுவானே என்பது சிலரது சந்தேகம். இது வெறும் சந்தேகமல்ல; யோசிக்க வேண்டிய விஷயம்.

நிர்வாக விஞ்ஞானத்தின் தந்தை என்று அமெரிக்காவின் டெய்லரைச் சொல்லுகிறார்கள். 1911-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அவரே தரும் கணக்கு ஒன்று இருக்கிறது. எஃகுக் கம்பெனியில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்பு சுமந்த தொழிலாளியை, கையில் கடிகாரம் வைத்து அளந்து, 47 டன் சுமக்கவைத்தார். கூலியோ 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டாயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மில்லில் கடிகாரத்தோடு வந்து நின்று, ஆளுக்கு இத்தனை தறி என்று கூட்டிவிட்டுப் போனவர்களை நமக்குத் தெரியும். அவர்களுடைய பாட்டன் டெய்லர்.

ஆனால் நிர்வாகம் என்றாலே கசக்கிப் பிழிவது என்று அர்த்தமல்ல. குஜராத்தில் லட்சக்கணக்கான பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவை வளர்த்த குரியன், கிராம நிர்வாகத்துக்கென்றே 1979-ல் ஆனந்தில் ஒரு கல்வி ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். கோ-ஆப்டெக்ஸுக்கு நிர்வாகி வேண்டாமா? ரேஷன் கிடங்குக்கு வேண்டாமா? 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்ட கோவை என்.டி.சி. மில்கள் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றனவே, தொழிலாளிக்கு ஓட்டத் தெரியாமலா நின்றன? ஆகவே படிக்கட்டும். கல்லூரியில் டெய்லரின் கணக்கைப் படிக்கட்டும். மறு பாதிக் கணக்கை, சுமந்தவனின் முதுகுக் கணக்கை, வீட்டில் நாம் சொல்லிக்கொடுப்போம்.

நாம் கேட்பது என்ன?

பரீட்சை எழுதுகிற தொழிலாளிக்கும் ஊழியருக்கும் சம்பளத்தோடு பரீட்சை விடுமுறை வேண்டும். ஞாயிறு ஷிப்டில் இருப்பவர் பரீட்சையன்று மேஸ்திரியின் தயவை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. மில் பகுதிகளிலும் பெரிய கிராமங்களிலும் நூலகங்கள் இரவிலும் ஞாயிறன்றும் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவன் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவா நூலகம்? கேள்வித்தாள் தமிழிலும் வேண்டும். கட்டணம் குறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு மணி வேலை நாளில் ஒரு நிமிஷமும் கூடக்கூடாது.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். படிப்பகம் நமக்குப் புதிதல்ல. சங்கக் கட்டிடத்தில் ஒரு மூலை, ஒரு மேஜை, ஒரு நல்ல விளக்கு. ஏற்கெனவே பாஸ் செய்த பிள்ளை ஞாயிறுதோறும் வந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். நவம்பர் பரீட்சைக்கு மனுப் போடுவது வழக்கமாக ஆகஸ்டில் ஆரம்பித்து செப்டம்பரில் முடிந்துவிடும். தேதி போகிறவரை விட்டுவிடாதீர்கள்.

இன்றிரவு வீட்டில் பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்தால், ரேடியோவையும் டெலிவிஷனையும் நிறுத்துங்கள். நாளைக் காலை வாசல் கூட்டத்தில், வேலை நேரத்தைக் கூட்டப் பேசுகிறவர்களை எதிர்த்துக் கை தூக்குங்கள். இரண்டும் ஒரே வேலைதான்.